தலைமேல் ஒரு தாய் முகம்: கேட்டூவில் கெலெடே பார்த்த நாட்கள்

நாள் 1, கோட்டோனூ

மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசி அட்டையைக் காட்டிவிட்டு வெளியே வந்தபோது நள்ளிரவு. காலையில் சாலையில் இறங்கினால் எங்கு பார்த்தாலும் மஞ்சள் சட்டைகள். ஸெமிஜான் ஓட்டுநர்கள். மோட்டார் சைக்கிள்தான் இங்கே டாக்ஸி. பின்சீட்டில் ஓர் அம்மா, அவர் முதுகில் துணியால் கட்டிய குழந்தை, மடியில் ஒரு மூட்டை என ஒரு வண்டி என்னை உரசாத குறையாகக் கடந்து போனது. அந்தக் குழந்தை நல்ல தூக்கத்தில் இருந்தது.

நான் பெனின் நாட்டுக்கு வந்தது யொரூபா மக்கள் அணிந்து ஆடும் கெலெடே முகமூடிகளுக்காக. யொரூபா என்றதும் நமக்கு நைஜீரியாதான் நினைவுக்கு வரும். ஆனால் யொரூபா மக்களின் பழைய அரசுகளில் ஒன்றான கேட்டூ இன்று பெனின் எல்லைக்குள் இருக்கிறது. 1889இல் பிரிட்டனும் பிரான்ஸும் போட்டுக்கொண்ட எல்லைக்கோடு அந்த அரசை இரண்டாக வெட்டியது. தலைநகர் பிரெஞ்சுக்காரர்கள் பக்கம், அதற்குக் கட்டுப்பட்டிருந்த இமெக்கோ ஆங்கிலேயர் பக்கம். கோடு நிலத்தில்தான் விழுந்தது. இரண்டு பக்கமும் இன்றும் அதே முகமூடி, அதே ஆட்டம்.

யொரூபா முகமூடி என்பது ஒரே வகை இல்லை. எகுங்குன் என்பது முன்னோருக்கானது. அதில் துணிதான் பிரதானம், ஆடுபவர் உச்சி முதல் பாதம் வரை மூடியிருப்பார். எக்கிட்டி பக்கத்து எப்பா முகமூடி ஒரே மரத்தைக் குடைந்த தலைக்கவசம், மேலே குதிரை வீரன், தாய், பரிவாரம் என்று ஒரு கூட்டமே நிற்கும். அதைச் சுமந்துகொண்டு ஆள் மண்மேட்டில் தாவி ஏற வேண்டும். கெலெடே இரண்டிலிருந்தும் வேறு. அது தாய்மார்களுக்கானது. 'ஆவோன் இயா வா' என்பார்கள், 'நம் தாய்மார்கள்'. மூத்த பெண்கள், தெய்வமாகிவிட்ட பெண்கள், ஊரில் நடமாடும் கிழவிகள், எல்லாரும் அந்தச் சொல்லுக்குள் அடக்கம். அவர்களிடம் ஒரு சக்தி இருக்கிறது, அது குழந்தையையும் தரும், கோபம் வந்தால் பறிக்கவும் செய்யும் என்பது நம்பிக்கை. அந்த மனதைக் குளிர்விக்கத்தான் ஆண்கள் பெண் முகத்தைச் செதுக்கி, தலையில் வைத்து, பெண் உடையில் ஆடுகிறார்கள்.

நாளை போர்ட்டோ-நோவோ.

நாள் 2, போர்ட்டோ-நோவோ

நாட்டின் தலைநகரம் இதுதான், பரபரப்பெல்லாம் கோட்டோனூவில். பழைய மசூதி ஒன்றைப் பார்த்தேன். பிரேசிலிலிருந்து திரும்பி வந்தவர்களின் கட்டடக்கலை, தூரத்திலிருந்து பார்த்தால் தேவாலயம் போலவே இருக்கிறது. இதைப் பற்றித் தனியாக எழுதலாம், இப்போது வேண்டாம்.

இன வரைவியல் அருங்காட்சியகத்தில் கெலெடே முகமூடிகள் வரிசையாக இருந்தன. முதல் முகமூடி முன் நீண்ட நேரம் நின்றேன். பெண் முகம். பாதி இமை தாழ்ந்த பெரிய கண்கள், கன்னத்தில் மூன்று மூன்று கீறல் தழும்புகள், வாய் மூடியும் மூடாமலும். கோபமில்லை, சிரிப்பில்லை. முகத்துக்கு மேலே மட்டும் ஒரே கொந்தளிப்பு. ஒரு பாம்பு பறவையைக் கவ்வியிருக்கிறது, அந்தப் பறவை பாம்பின் வாலைக் கொத்துகிறது. கீழே அத்தனை அமைதி, மேலே இத்தனை சண்டை.

அங்கே விளக்கம் சொன்ன பெண்மணி நான் நின்ற விதத்தைப் பார்த்துவிட்டு அருகில் வந்தார். "இதை முகத்துக்கு நேராக வைத்துப் பார்க்கிறீர்கள். யாரும் இதை முகத்தில் மாட்டுவதில்லை" என்றார். தன் உள்ளங்கையை உச்சந்தலையில் கவிழ்த்து வைத்துக் காட்டினார். தொப்பி போலத் தலையின் மேல் சாய்வாக உட்கார வேண்டும். முகமூடியின் விளிம்பிலிருந்து மெல்லிய துணி தொங்கும், ஆடுபவர் அதன் வழியாகத்தான் பார்ப்பார். மரத்தில் துளைத்த கண்கள் ஆடுபவருக்கானவை அல்ல. அந்தத் தாய் பார்ப்பதற்கானவை.

அதுவரை 'முகமூடி' என்ற சொல்லை யோசிக்காமல் பயன்படுத்தி வந்தேன். கெலெடே எதையும் மூடவில்லை. ஒரு மனிதன் தன் முகத்துக்கு மேலே இன்னொரு முகத்தைத் தாங்குகிறான். தமிழில் இதற்கு வேறு சொல் எனக்குக் கிடைக்கவில்லை, அதனால் முகமூடி என்றே எழுதுகிறேன். படிக்கிறவர்கள் இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

அந்த முகத்தின் அமைதிக்கு யொரூபாவில் 'இடூடூ' என்று பெயர். குளிர்ச்சி என்று பொருள். தண்ணீரின் குளிர்ச்சி மட்டுமல்ல, குணத்தின் குளிர்ச்சி. நாம் மனம் குளிர்ந்தது என்கிறோமே, அதுதான். மொழிபெயர்க்கவே தேவைப்படவில்லை.

இந்த ஊரில் 1962இல் பிறந்தவர் ரொமுவால்ட் ஹசூமே. நைஜீரியாவிலிருந்து கடத்தல் பெட்ரோல் கொண்டுவரப் பயன்படும் பிளாஸ்டிக் கேன்களை வெட்டி முகமூடிகளாக்கும் கலைஞர். கேனின் வாய் முகத்தின் வாயாகிவிடும், கைப்பிடி மூக்காகிவிடும். 304 கேன் முகங்களை ஓர் அடிமைக் கப்பலின் வடிவில் அடுக்கி அவர் செய்த படைப்பு இன்று லண்டனில் பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. யொரூபா வம்சாவளியில் வந்தவர் அவர். கையில் கிடைத்ததை முகமாக்கும் பழக்கம் அந்த மண்ணில் எவ்வளவு ஆழமாக இருக்கிறது என்பதற்கு இதைவிட நல்ல சான்று எனக்குத் தெரியவில்லை.

நாள் 3, கேட்டூ

சாக்கெட்டே, போபே வழியாக வடக்கே பயணம். ஒன்பது பேர் நெருக்கி உட்கார்ந்த பகிர்வு டாக்ஸி. சாலையோரமெல்லாம் கண்ணாடிப் புட்டிகளில் மஞ்சள் பெட்ரோல் விற்பனை. மண் போகப் போகச் சிவந்துகொண்டே வந்தது.

கேட்டூவில் எனக்கு உதவ ஒப்புக்கொண்டவர் பள்ளியில் ஆங்கிலம் கற்பிக்கும் ஆசிரியர். கெலெடே குடும்பம் அவருடையது. "எ காபோ" என்று வரவேற்றார், நல்வரவு. வந்ததும் அழைத்துப்போன இடம் அக்காபா இடேனா என்ற பழைய கோட்டை வாசல். பெரிய ஊர்களின் கோட்டை வாசல்களைப் பார்த்த கண்ணுக்கு அது சிறியதாகத்தான் தெரியும். மண் சுவர், மரக்கதவு, வெளியே அகழி. ஆனால் அந்த வாசலில் நின்று ஆசிரியர் சொன்னது மனதைப் பிசைந்தது. 1886இல் பக்கத்து டஹோமி அரசின் படை கேட்டூவை அழித்தது. கொல்லப்பட்டவர் போக மிஞ்சியவர்களைச் சிறைபிடித்துக்கொண்டு போனார்கள். சில ஆண்டுகள் இந்த ஊர் காலியாகக் கிடந்தது. டஹோமியைப் பிரான்ஸ் வென்ற பிறகு 1894 வாக்கில்தான் உயிரோடிருந்தவர்கள் திரும்பி வந்து வீடு கட்டினார்கள்.

அதற்கும் முன்னால், தலைமுறை தலைமுறையாக, கேட்டூ ஆட்கள் அடிமைகளாகக் கடல் கடந்து விற்கப்பட்டார்கள். பிரேசிலின் பாகியாவில், ஆப்பிரிக்க அடிமைகள் வளர்த்த கண்டோம்ப்ளே வழிபாட்டில் 'கேட்டூ' என்ற பெயரிலேயே பெரிய மரபு இன்றும் உயிரோடு இருக்கிறது. வாசல் சிறியதுதான். அதன் வழியாகப் போனவர்கள் ஊரின் பெயரை விடவில்லை.

மாலையில் ஆசிரியரின் வீட்டில் இடித்த சேனைக்கிழங்கு போன்ற ஒரு கிழங்குக் களி. உருளையாகப் பிசைந்து, காரமான குழம்போடு. கையால் சாப்பிட்டதைப் பார்த்து அவருடைய அம்மாவுக்கு ஒரே சந்தோஷம். சாப்பிட்டு முடித்ததும் கெலெடேயின் கதையை அவர்தான் சொன்னார், மகன் மொழிபெயர்த்தார். நீரின் தாயான யெமோஜாவுக்குக் குழந்தையில்லை. இஃபா குறி கேட்டாள். தலையில் மரச் சிலை வைத்து, காலில் இரும்புச் சலங்கை கட்டி ஆடு என்று குறி சொன்னது. ஆடினாள். ஒரு மகன் பிறந்தான், எஃபே. ஒரு மகள் பிறந்தாள், கெலெடே. எஃபே வாய்த்துடுக்குக்காரன், பாடுவான், கிண்டலடிப்பான். கெலெடே ஆடுவாள். அதனால்தான் இரவு பாட்டுக்கு, பகல் ஆட்டத்துக்கு.

"முதலில் ஆடினது ஒரு பெண்தானே, அப்புறம் ஏன் ஆண்கள் ஆடுகிறார்கள்?" என்று கேட்டேன்.

அம்மா உடனே சொன்னார்: "பயப்படுகிறவர்கள் அவர்கள்தானே, அவர்கள்தான் ஆட வேண்டும்."

நாள் 4, செதுக்குபவர் வீட்டில்

இன்று முழு நாளும் ஒரே இடம். ஊர் ஓரத்தில் ஒரு மாமரம், அதனடியில் ஓலைப் பந்தல், கீழே மரச் செதில் குவியல். பாபா என்று எல்லாரும் அழைக்கும் முதியவர் தரையில் கால் நீட்டி உட்கார்ந்திருந்தார். இரண்டு பாதங்களுக்கும் நடுவே மரத்துண்டு. கையில் வாய்ச்சி. நம் ஊர்த் தச்சர்களிடம் இருக்கும் அதே கருவிதான், இதன் பிடி மட்டும் மரக்கிளையின் இயற்கையான வளைவு.

வேலை தொடங்கும் முன் கருவிகளின் மேல் கொஞ்சம் தண்ணீர் தெளித்தார். இரும்பு எல்லாம் ஓகுன் என்ற தெய்வத்துக்குச் சொந்தம். கொல்லன், வேட்டைக்காரன், சிற்பி, லாரி ஓட்டுபவன், இரும்பைத் தொடும் யாரும் ஓகுனின் ஆள்.

மரம் ஈரமாக இருந்தது. காய்ந்த மரத்தில் செதுக்குவார்கள் என்று நினைத்திருந்தேன். "காய்ந்தால் அது தன் இஷ்டத்துக்கு நிற்கும். ஈரத்தில்தான் நம் பேச்சைக் கேட்கும்" என்றார். எடை குறைந்த மென்மரம்தான் தேர்ந்தெடுப்பார்களாம், மணிக்கணக்கில் தலையில் நிற்க வேண்டுமே.

நாலு கட்டமாக வேலை. முதலில் ஓனா லீலே: கோடரியாலும் பெரிய வாய்ச்சியாலும் தலை எது, மேல் சிற்பம் எது என்று பெரும் பெரும் பாகமாகப் பிரிப்பது. அப்புறம் ஆலேதுன்லே: அந்தப் பெரிய பாகங்களுக்குள் மூக்கு, காது, கொண்டை என்று சிறிய பாகங்களைக் கண்டெடுப்பது. மூன்றாவது டீடான், வழவழப்பாக்குவது. கடைசியாக ஃபின்ஃபின், கூர்மையான கத்தியால் இமைக்கோடு, தழும்பு, தலைப்பாகையின் மடிப்பு என்று நுணுக்க வெட்டு. ஃபின்ஃபின் என்ற சொல்லைச் சொல்லும்போதே கத்தி மரத்தில் ஓடுகிற சத்தம் கேட்கிறது. வழவழப்பாக்க முன்பெல்லாம் 'இபின்' இலைதான். அத்தி இனத்து மரம், இலை உப்புத்தாள் போலச் சொரசொரக்கும். பந்தல் கூரையில் ஒரு கொத்து செருகியிருந்தது. நுணுக்கமான இடத்துக்குக் கத்தி, வளைவுக்கு இலை.

வரைபடம் கிடையாது. பனை ஈர்க்கு ஒன்றை ஒடித்து நெற்றி அளவு, மூக்கு அளவு பார்த்தார். அதே ஈர்க்கை எடுத்துப் பக்கத்தில் இருந்த இன்னொரு மரத்தின் மேல் வைத்தார். கெலெடே எப்போதும் ஜோடியாக ஆடும். ஒரே மாதிரி இரண்டு முகங்கள் வேண்டும். ஒரு முகம் மூன்றாம் கட்டத்தில் இருக்கும்போது அதன் இணை இரண்டாம் கட்டத்தில் இருந்தது. அக்காளும் தங்கையும் போல.

மேலே என்ன சிற்பம் என்று பார்த்தால், மோட்டார் சைக்கிள்! ஓட்டுபவர், பின்னால் ஒரு பெண், அவள் முதுகில் குழந்தை. கோட்டோனூவில் என்னைக் கடந்து போன அதே வண்டி. இதைப் புதுமோகம் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். கெலெடே முகமூடியின் தலைமேல் எப்போதும் அந்தந்தக் காலத்து உலகம்தான். சந்தையில் தட்டு சுமக்கும் பெண், தையல் இயந்திரம், விமானம், தலைப்பாகை கட்டிய முஸ்லிம் பெரியவர், சிறுத்தை, முள்ளம்பன்றி, பன்றி. கயிறு இழுத்தால் அசையும் பொம்மைகளும் உண்டு. எல்லைக்கு அப்பால் இமெக்கோவில் இருந்த டூகா என்ற சிற்பி அப்படிப்பட்ட அசையும் உருவங்களுக்குப் பேர் போனவர். பெனினிலேயே கோவே ஊரைச் சேர்ந்த கிஃபூலி டொசூ இன்று கெலெடே வடிவத்தில் சமகால வாழ்க்கையைச் செதுக்கிக் கண்காட்சிகளில் வைக்கிறார்.

நெடுநேரம் அந்த இமையையே பார்த்துக்கொண்டிருந்தேன். பாபா கத்தியின் நுனியை மேல் இமையின் உள் மூலையில் ஊன்றினார். மூச்சை அடக்கி, கத்தியை நகர்த்தாமல் மரத்தை நகர்த்தினார். பாதங்களால். சுருளாக ஒரு மெல்லிய செதில் எழுந்து கீழே விழுந்தது. அதுவரை மரத்தில் ஒரு மேடு மட்டும் இருந்தது. இப்போது ஒருத்தி பார்த்தாள். உண்மையாகவே என் உடம்பு சிலிர்த்தது.

"யாருடைய முகம் இது?" என்று கேட்டேன்.

"யாருடையதும் இல்லை. ஒருத்தியைப் போலவே செய்தால் மற்றவர்கள் வருத்தப்படுவார்கள். பெண் என்று தெரிய வேண்டும், நல்ல வயதில் இருக்க வேண்டும், அவ்வளவுதான்." தாய்மார்களின் தலைவியே கிழவி என்றாலும் முகம் இளமையாகத்தான் இருக்க வேண்டுமாம்.

கிளம்பும்போது பந்தலின் பின்புறம் ஒரு பழைய முகமூடியைக் காட்டினார். அவருடைய தகப்பனார் செதுக்கியது. அதற்குப் பேரன் எனாமல் பெயின்ட் அடித்துக்கொண்டிருந்தான். பளபளக்கும் சிவப்பு, வெள்ளை, கடையில் வாங்கியது. அவுரி நீலமும் வெள்ளைக் களிமண்ணும் பூசிய காலம் போய், நடுவில் துணிக்குப் போடும் நீலம் வந்து, இப்போது எனாமல். அடுக்கடுக்காகப் பழைய நிறங்கள் உதிர்ந்த இடத்தில் தெரிந்தன. பழமையை அழிக்கிறார்களே என்று ஒரு நொடி பதறினேன். பாபா சொன்னது: "திருவிழாவுக்கு அம்மாவை அழுக்குத் துணியிலா கூட்டிப் போவீர்கள்?" கண்ணாடிப் பெட்டிக்குள் நிறம் மங்கி நிற்கும் முகங்களை நினைத்துக்கொண்டேன். அவற்றுக்குப் புதுத்துணி எடுத்துக் கொடுக்க அங்கே யாருமில்லை.

நாள் 5, எஃபே இரவு

பகலில் தூங்கச் சொன்னார்கள். முடியவில்லை.

மாலையில் ஆசிரியர் என்னைப் பக்கத்துச் சிற்றூருக்கு அழைத்துப் போனார். மழைக்கு முந்தைய மார்ச் மாதம், விதைப்புக்கு முன் இங்கே கெலெடே. பஞ்சம் வந்தாலும், கொள்ளைநோய் வந்தாலும், பெரியவர் யாராவது இறந்தாலும் நடத்துவதுண்டு. முதலில் இயாலாஷேயைப் பார்க்க வேண்டும். கெலெடே சங்கத்தில் செதுக்குபவர், ஆடுபவர், கொட்டுபவர் எல்லாரும் ஆண்கள். ஆனால் தலைமை ஒரு பெண். அவர் அனுமதி இல்லாமல் ஒரு முரசும் முழங்காது. கோலாக் கொட்டைகளை வைத்து முழங்காலிட்டேன். ஒல்லியான கிழவி, வெள்ளைத் துணி, மெல்லிய குரல். என் கையைப் பிடித்து உட்கார வைத்தார். "எஸோ லாயே" என்றார். உலகம் மென்மையானது, பார்த்துக் கையாள வேண்டும். யொரூபாவில் எல்லாரும் சொல்கிற வார்த்தைதானாம். அவர் சொல்லும்போது என் கை அவர் கைக்குள் இருந்தது.

ஆடுகளம் சந்தைத் திடல். சந்தை பெண்களின் இடம், அதனால் தாய்மார்களுக்கான எதுவும் அங்கேதான். இரவு பத்து மணிக்கு மேல் கூட்டம் சேர்ந்தது. நான் பெண்கள் பக்கம், பாயில்.

வந்த வரிசையைக் குறித்துக்கொண்டேன். ஊருக்கு ஊர் மாறும் என்றார்கள். முதலில் களத்தைப் பெருக்கிச் சுத்தமாக்கும் ஆள். அடுத்து தலையில் தீயைச் சுமந்து வரும் அக்பேனா, பொறி பறக்க, குழந்தைகள் அலற. அதன் பின் அப்பானா. அவர் வேலை விளக்கை அணைக்கச் சொல்வது. நேரம் பார்க்க நான் கைப்பேசியை எடுத்திருந்தேன், திரை ஒளிர்ந்துவிட்டது. பக்கத்திலிருந்த அம்மா திட்டவில்லை. தன் முந்தானைத் துணியை என் கை மேல் போர்த்தினார். வெட்கத்தில் கூனிப்போனேன். அதற்குப் பிறகு விடியும் வரை கைப்பேசியைத் தொடவில்லை. அதனால் இந்த இரவுக்குப் படமே கிடையாது.

இருட்டு பழகியதும் டெட்டெடே வந்தாள். பெயருக்கு 'நேரத்தோடு வருபவள்' என்று பொருள். அவள்தான் பாடகனைப் பெயர் சொல்லிக் கூப்பிடுகிறாள். ஒரு முறை, இரண்டு முறை. மூன்றாவது அழைப்புக்கு எங்கோ தூரத்திலிருந்து பதில் குரல். ஓரோ எஃபே நுழைந்தான். முகமூடியின் மேல் பிறை நிலா, கையில் குதிரைவால் சாமரம், இடுப்பைச் சுற்றி அகன்ற வளையங்களின் மேல் அடுக்கிய துணிகளால் யானை போன்ற உடல், காலில் சலங்கை. நின்ற இடத்தில் நின்றே பாடினான்.

முதலில் வணக்கம். தாய்மார்களுக்கு, தெய்வங்களுக்கு, பெரியவர்களுக்கு, தனக்கு முன் பாடியவர்களுக்கு. இது முடிய ஒரு மணி நேரம் ஆகியிருக்கும், யாரும் அசையவில்லை. அப்புறம் ஊர்க்கதை. ஒரே மனையை இரண்டு பேருக்கு விற்ற ஒருவனைப் பற்றி, பெயர் சொல்லாமல். கூட்டம் வரியை வாங்கித் திருப்பிப் பாடியது. ஆசிரியர் என் காதில், "அந்த ஆள் இங்கேதான் உட்கார்ந்திருக்கிறார்" என்றார். இந்த இரவில் பாடியதற்காக எஃபேவின் மேல் யாரும் வழக்குப் போட முடியாது, கோபப்படவும் கூடாது. தாய்மார்களின் அனுமதியோடு பேசுகிற வாய் அது. கைப்பேசியைப் பற்றியும் ஒரு பாட்டு வந்தது, அப்போது எல்லாரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்களோ என்று தோன்றியது.

பாட்டுக்கு நடுவே மழைக்காக, பிள்ளை பெற வேண்டியவர்களுக்காக வேண்டுதல். ஒவ்வொரு வேண்டுதலுக்கும் பெண்கள் பக்கத்திலிருந்து "ஆஷே" என்று ஒரே குரல். அப்படியே ஆகட்டும். அந்தச் சொல்லில் ஒலிப்பதைத்தான் இவர்கள் சக்தி என்கிறார்கள்.

விடிவதற்குக் கொஞ்சம் முன்பு மறுபடி முழு இருட்டு. இயான்லா, பெருந்தாய். வெள்ளைத் துணி மட்டும் தெரிந்தது. நீண்ட தாடிப் பலகை கொண்ட முகம் என்று கேள்விப்பட்டிருக்கிறேன். எனக்குத் தெரிந்தது, குனிந்து, கிழவி நடையில், சத்தமில்லாமல் நகர்ந்த ஒரு வெண்மை. ஆண்கள் நெருக்கமாகச் சூழ்ந்து வந்தார்கள். முரசு மெதுவாக, மிக மெதுவாக. சுற்றியிருந்த பெண்கள் எல்லாரும் தலை குனிந்தார்கள். நானும் குனிந்தேன். நிமிர்ந்தபோது யாரும் இல்லை.

நாள் 6, கெலெடே பகல்

இரண்டு மணி நேரத் தூக்கம். பிற்பகலில் அதே திடல், அடையாளமே தெரியவில்லை. ஐஸ் விற்பவர்கள், பொரித்த பயறு வடையான அக்காரா விற்பவர்கள், மரக்கிளையில் பிள்ளைகள்.

ஆட்டக்காரர்களுக்கு உடை கட்டுவதைப் பார்க்க இயாலாஷே அனுமதித்தார். உடை என்று தனியாக ஒன்று கிடையாது. ஊர்ப் பெண்கள் தங்கள் துணிகளைக் கொண்டுவந்து கொடுக்கிறார்கள். தலைத்துணி, இடுப்புத்துணி, குழந்தையை முதுகில் கட்டும் 'ஓஜா' என்ற பட்டை. அதுவும் குறிப்பாக அந்த ஓஜா. மரத்தில் செய்த மார்பும் இடுப்பும் கட்டி, அதன் மேல் இந்தத் துணிகளை மடித்து மடித்துச் சுற்றுகிறார்கள். ஒரு மனிதனை ஊர்த் தாய்மார்கள் எல்லாரும் சேர்ந்து முதுகில் கட்டிக்கொள்வது போலத்தான் எனக்குப் பட்டது. நேற்று என் கையைத் துணியால் மூடிய அம்மா என் துப்பட்டாவைக் காட்டி ஏதோ கேட்டார். கழற்றிக் கொடுத்தேன். மதுரைச் சுங்குடி, அரக்குச் சிவப்பு. ஓர் ஆட்டக்காரனின் முழங்கைக்குக் கீழே கட்டினார்.

நான்கு முரசுகள். பெரியதன் பெயர் இயா ஈலூ, தாய் முரசு. யொரூபா மொழியில் குரல் ஏறி இறங்குவதில்தான் பொருள் இருக்கிறது, அதனால் முரசு பேச முடியும். தாய் முரசு ஒரு வாக்கியம் பேசுகிறது. ஆட்டக்காரர்களின் கால்கள் அதைத் திருப்பிச் சொல்ல வேண்டும். ஓர் அசை தப்பக் கூடாது. கணுக்காலில் இரும்புச் சலங்கை இருப்பதால் தப்பினால் ஊருக்கே கேட்டுவிடும். முரசு நிற்கிற அதே கணத்தில் கால் நிற்க வேண்டும். முதலில் சிறுவர்கள் ஆடினார்கள், தப்பினார்கள், பெண்கள் கைதட்டி உற்சாகப்படுத்தினார்கள். பெரியவர்களுக்கு அந்தச் சலுகை இல்லை.

இஃபா வாக்கு ஒன்றில் ஒருன்மிலா என்ற குறி தெய்வம் 'பறவைக்காரிகள்' என்னும் அந்த ஆற்றல்மிக்க தாய்மார்களின் தோப்புக்குப் போக வேண்டியிருக்கிறது. முகமூடி, தலைத்துணி, காற்சலங்கை மூன்றையும் அணிந்துபோ, உயிரோடு திரும்புவாய் என்று சொல்லப்படுகிறது. இங்கே அந்த மூன்றும் என் கண்ணெதிரே.

மோட்டார் சைக்கிள் ஜோடி நாலு மணிக்கு வந்தது. பாபாவின் அந்த இமை! வெள்ளை முகம், நீலத் தலைக்கட்டு, மேலே மஞ்சள் சட்டை ஓட்டுநர், நேற்றுத்தான் பெயின்ட் காய்ந்திருக்கும். இரண்டு பேரும் அருகருகே நின்றார்கள். தாய் முரசு ஆரம்பித்தது. கால்கள் என்ன செய்தன என்று சொல்ல எனக்குச் சொல் போதாது. கீழே செம்மண் புழுதி முழங்கால் வரை கிளம்பியது, சலங்கை முரசைவிட ஓங்கியது, துணிகள் விசிறியாக விரிந்தன. ஆனால் மேலே, அந்த இரண்டு முகங்களும் ஒரு நூல் கூட அசையவில்லை. தலையைச் சமமாக வைத்து ஆடுவதுதான் பயிற்சி. கீழே அத்தனை கொந்தளிப்பு, மேலே அதே பாதி இமைப் பார்வை. போர்ட்டோ-நோவோவில் கண்ணாடிக்குப் பின்னால் நான் பார்த்தது இதில் பாதிதான். மீதிப் பாதி கால்.

கடைசி அடி. முரசு, நான்கு கால், இரும்பு, எல்லாம் ஒரே கணத்தில் நின்றன. பெண்கள் எழுந்து கத்தினார்கள். நானும்தான். 'கெலெடேயைக் கண்ட கண் காட்சியின் எல்லையைக் கண்டது' என்று யொரூபாவில் ஒரு பழமொழி. 2001இல் யுனெஸ்கோ கெலெடேயை மனிதகுலத்தின் அரும்பெரும் மரபுகளில் ஒன்றாக அறிவித்தது, 2008இல் பட்டியலில் சேர்த்தது. அந்தப் பழமொழி அதற்கு நெடுங்காலம் முன்பே அதைச் சொல்லிவிட்டது.

சூரியன் இறங்கியதும் உடை அவிழ்ப்பு. முடிச்சுகள் ஒவ்வொன்றாக அவிழ, பெண்கள் சூழ்ந்து நின்று தங்கள் துணியை அடையாளம் கண்டு எடுத்துக்கொண்டார்கள். ஒருத்தி ஓஜாவை உதறி அங்கேயே குழந்தையை முதுகில் கட்டிக்கொண்டு நடந்தாள். என் சுங்குடியும் வந்தது, செம்மண் நிறத்தில், வியர்வை ஈரத்தோடு.

நாள் 7, கிளம்புகிறேன்

காலையில் பாபாவிடம் சொல்லிக்கொள்ளப் போனேன். மோட்டார் சைக்கிள் முகமூடிகள் இரண்டும் பந்தலில் கவிழ்த்து வைக்கப்பட்டிருந்தன. ஒன்றில் காது ஓரம் மெல்லிய விரிசல். ஈர மரம் காயும்போது வரும், பசையும் மரத்தூளும் போட்டு அடைத்தால் போதும் என்றார். அதைச் சொல்லிக்கொண்டே அடுத்த மரத்துண்டைப் பாதங்களுக்கு நடுவே உருட்டினார்.

டாக்ஸி நிறுத்தம் வரை போக ஆசிரியர் ஒரு ஸெமிஜானைக் கூப்பிட்டார். இருபது வயதிருக்கும். ஏறி உட்கார்ந்தேன். கால் மிதியில் அவன் பாதத்தைப் பார்த்தேன். இரண்டு கணுக்கால்களிலும் வட்டமாகத் தோல் உரிந்து, புதுச் சிவப்பு.

"நேற்று நீங்களா?" என்று கேட்டேன், எந்த மொழியில் கேட்டேன் என்று தெரியவில்லை.

அவன் திரும்பவில்லை. ஒரு கையால் தன் தலையின் உச்சியைத் தொட்டுக் காட்டினான். அப்புறம் கியரைப் போட்டான்.